போலந்தைப் படிக்கணுமா? காலியாக விட்ட இடங்களில் தொடங்குங்கள்

டெல்டாவிலிருந்து போலந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் கிளம்புகிற பிள்ளைகளுக்கு விசா விவரம், குளிருக்கான உடுப்பு, பெட்டியில் வைக்க வேண்டிய மிளகாய்த்தூள் வரைக்கும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. அந்த நாட்டை எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. போய் இறங்கினால் கிராக்கோவ் விமான நிலையத்துக்கே ஒரு போப்பின் பெயர், நாடாளுமன்ற மண்டபத்துக்குள் சிலுவை, கிராமத்துச் சாலை முக்குகளில் நம்ம கெபி மாதிரி மாதா மாடங்கள். “ரொம்பப் பக்தியான ஊர் போல” என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நீங்கள் இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, யாராக இருந்தாலும் சரி, கத்தோலிக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த நாட்டு வரலாற்றைப் படிக்க முடியாது. ஆனால் அதை வெறும் பக்தியாக மட்டும் படித்தாலும் ஒன்றும் விளங்காது. நான் படிக்கச் சொல்கிற வரிசை வேறு. நாலைந்து மாலைப்பொழுது ஒதுக்கினால் போதும்.

முதலில் 1795-இன் வரைபடம்

எல்லாப் புத்தகமும் போலந்து கிறிஸ்தவத்துக்கு வந்த 966-இல் தொடங்கும். நீங்கள் அங்கே தொடங்காதீர்கள். இணையத்தில் 1800-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு போலந்தைத் தேடுங்கள். கிடைக்காது. 1772, 1793, 1795 என்று மூன்று தவணையாக ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அந்த நாட்டைப் பங்குபோட்டுக்கொண்டன. 1918 வரை, அதாவது 123 வருஷம், போலந்து என்று சுதந்திர நாடு கிடையாது.

இப்போது அந்த மூன்று பங்காளிகளின் சமயத்தைப் பாருங்கள். ரஷ்யப் பேரரசரான ஜார் ஆர்த்தடாக்ஸ், அதாவது ரோமுக்குக் கட்டுப்படாத கீழைக் கிறிஸ்தவர். பிரஷ்ய அரசர் புராட்டஸ்டன்ட். ஆஸ்திரியப் பேரரசர் மட்டும் கத்தோலிக்கர். ரஷ்யப் பகுதியில் ஜாருக்கு எதிரான 1863 எழுச்சி தோற்ற பிறகு பள்ளிக்கூடத்திலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் போலிஷ் மொழியை வெளியே தள்ளினார்கள். பிரஷ்யப் பகுதியில் 1870-களில் ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் திருச்சபைமேல் கை வைத்தார். 1874-இல் பேராயர் லெதுகோவ்ஸ்கியைச் சிறையில் போட்டார்கள். பள்ளியில் பேச முடியாது, சர்க்கார் கச்சேரியில் எழுத முடியாது என்றாகும்போது ஒரு மொழி எங்கே போய் இருக்கும்? கோயிலுக்குள் போய் இருந்தது. பூசை லத்தீனில்தான். ஆனால் பிரசங்கம், பாட்டு, சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனம் எல்லாம் போலிஷில்.

இந்த இடத்தில் விஷெஷ்னியா என்ற ஊரைத் தேடிப் படியுங்கள். 1901, பிரஷ்யப் பகுதி. பள்ளியில் மறைக்கல்வியும் ஜெபமும் ஜெர்மனில்தான் என்று உத்தரவு. பிள்ளைகள் ஜெர்மனில் பதில் சொல்ல மறுத்தார்கள். வாத்தியார்கள் பிரம்பால் அடித்தார்கள். வெளியே திரண்டு தட்டிக்கேட்ட பெற்றோரைக் கோர்ட்டுக்கு இழுத்துச் சிறைக்கு அனுப்பினார்கள். 1965 கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் விடாமல் பிடித்துக்கொண்டது ஜெபத்தையா மொழியையா என்று பிரித்துக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. இந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிது.

ஒரு எச்சரிக்கை. “திருச்சபை எப்போதும் தேசத்தின் பக்கம்” என்று பாடப்புத்தகம் மாதிரி எழுதியிருந்தால் நம்பாதீர்கள். 1830 எழுச்சி தோற்றபின், 1832-இல் போப் பதினாறாம் கிரகோரி போலிஷ் ஆயர்களுக்குக் கடிதம் எழுதி, சட்டப்படியான அதிகாரத்துக்கு, அதாவது ஜாருக்கு, கீழ்ப்படியச் சொன்னார். ரோம் ஒன்று சொல்ல, ஊர்ச் சாமியார் வேறு ஒன்று செய்த காலங்கள் உண்டு. 1410-இல் கிருன்வால்டில் போலந்தும் லித்துவேனியாவும் சேர்ந்து தோற்கடித்த டியூட்டானிக் வீரர்களே ஒரு கத்தோலிக்கத் துறவற சபைதான், அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பழைய கதை, வேகமாக

966-இல் இளவரசர் மியெஷ்கோ ஞானஸ்நானம் வாங்கினார். அதற்கு முந்தைய வருஷம் கல்யாணம் கட்டிய செக் இளவரசி தோப்ராவா கிறிஸ்தவர். பக்தி இருந்திருக்கலாம், ஜெர்மன் அண்டைவீட்டார் படையெடுக்கச் சாக்கு இல்லாமல் செய்யும் கணக்கும் இருந்தது. 997-இல் ஆயர் அடால்பர்ட் பிரஷ்யப் பழங்குடிகளிடம் வேதம் போதிக்கப் போய்க் கொல்லப்பட்டார். உடலை மீட்டுக் கினியெஸ்னோவில் அடக்கம் செய்தார்கள். 1000-இல் பேரரசர் மூன்றாம் ஒட்டோவே அந்தக் கல்லறைக்கு யாத்திரை வந்தார். அதோடு போலந்துக்குத் தனிப் பேராயம் கிடைத்தது. 1079-இல் கிராக்கோவ் ஆயர் ஸ்தனிஸ்லாவை அரசர் கொல்லவைத்தார், பிற்பாடு அவர் புனிதரானார். ராஜாவை எதிர்த்து நிற்கிற ஆயர் என்ற படிமம் போலிஷ் மனதில் இவ்வளவு பழையது. 1386-இல் ராணி யாத்விகா லித்துவேனிய மன்னர் யகியெல்லோவை மணந்தார், மறுவருஷம் லித்துவேனியாவும் ஞானஸ்நானம் பெற்றது. இவ்வளவு போதும், மேலே போகலாம்.

மாதா படத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள்

செஸ்டகோவா ஊரில் யாஸ்னா கூரா குன்றுமேல் ஒரு மடம் இருக்கிறது. அங்கே உள்ள கறுப்பு மாதா படத்துக்கு ஒரு மாலையை முழுசாகக் கொடுங்கள். நல்ல தெளிவான படமாக எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வலது கன்னத்தில் இரண்டு நீளக் கீறல் தெரியும். 1430-இல் மடத்தைக் கொள்ளையடித்தவர்கள் வெட்டியது. செப்பனிட்டவர்கள் படத்தையே புதுசாகத் தீட்டினார்கள், ஆனால் அந்தத் தழும்பை விட்டுவைத்தார்கள். தழும்போடு இருக்கிற அந்த முகத்தைத்தான் அந்த மக்கள் தங்கள் அரசி என்கிறார்கள்.

வேளாங்கண்ணி மாதாவுக்குப் புடவை சார்த்திப் பார்த்த கண்ணுக்கு அடுத்த விஷயம் உடனே பிடிபடும். இந்தப் படத்துக்கும் உடுப்பு உண்டு. வைரம் பதித்தது, மாணிக்கம் பதித்தது, அம்பர் பதித்தது என்று, படத்தின்மேல் பொருத்துகிற மாதிரி செய்தவை. முகமும் கைகளும் மட்டும் வெளியே தெரியும். படத்தை எந்நேரமும் திறந்து வைப்பதில்லை. காலையில் எக்காளம் முழங்க மூடியிருக்கிற தகடு மேலே ஏறும், கூட்டம் மொத்தமும் முழந்தாளில் விழும்.

1655 குளிர்காலத்தில் ஸ்வீடன் படை நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது, ராஜா ஓடிவிட்டார். யாஸ்னா கூராவில் மடத்துத் தலைவர் அகுஸ்தீன் கோர்தெஸ்கி சரணடைய மறுத்தார். நவம்பரில் தொடங்கிய முற்றுகை கிறிஸ்துமஸை ஒட்டி விலகியது. ராணுவக் கணக்கில் அது சின்னச் சண்டைதான். ஆனால் அந்தச் செய்தி பரவிய விதம் பெரிது. அடுத்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி ராஜா யான் கசிமிர், இன்று உக்ரைனில் இருக்கிற லிவிவ் நகரின் பேராலயத்தில் மண்டியிட்டு மாதாவை நாட்டின் அரசியாக அறிவித்தார். கூடவே குடியானவர்களின் சுமையைக் குறைப்பேன் என்றும் சத்தியம் செய்தார், அது நிறைவேறவில்லை. இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.

வார்சாவிலிருந்து இங்கே 1711 முதல் பாதயாத்திரை போகிறது. ஆகஸ்ட் 6 கிளம்பி 14-ஆம் தேதி வந்து சேர்வார்கள், இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடக்கிறவர்களுக்கு நம்ம சாலையோரத்தில் மோர் ஊற்றுகிறோமே, அங்கேயும் வழியோரக் கிராமங்கள் சூப்பும் ரொட்டியும் வைத்துக்கொண்டு நிற்கும், ராத்தங்கலுக்கு வைக்கோல் கொட்டகையைத் திறந்துவிடும். ஒரு தடவையாவது நடந்து போன டெல்டாக்காரருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

காலி நாற்காலி, காலிச் சட்டகம்

என்னைக் கேட்டால் மொத்த விஷயத்தின் மையம் இதுதான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கம்யூனிஸ்ட் அரசு வந்தது. 1953 செப்டம்பரில் நாட்டின் தலைமை ஆயர் கர்தினால் விஷின்ஸ்கியைக் கைதுசெய்து ஒவ்வொரு மடமாக மாற்றி மாற்றி அடைத்து வைத்தது. 1956 ஆகஸ்ட் 26, ராஜா யான் கசிமிர் செய்த அந்தப் பழைய சத்தியத்தின் 300-ஆவது ஆண்டு. யாஸ்னா கூராவில் பத்து லட்சம் பேர் என்று சொல்லப்படுகிற கூட்டம். சத்தியத்தின் புது வாசகத்தை எழுதிய கர்தினால் காவலில் இருக்கிறார். அவர் உட்கார வேண்டிய நாற்காலியைக் காலியாகப் போட்டு அதன்மேல் ஒரு பூங்கொத்தை வைத்தார்கள். வேறு ஒரு ஆயர் வாசிக்க, கூட்டம் பதில் சொன்னது. அக்டோபரில் அவரை விடுவித்தார்கள்.

1966, ஞானஸ்நானத்தின் ஆயிரமாவது வருஷம். போப் ஆறாம் பவுல் வர விரும்பினார், அரசு விடவில்லை. மாதா படத்தின் நகல் ஒன்று 1957-லிருந்தே பங்குப் பங்காக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அதைப் போலீஸ் வழிமறித்துத் திருப்பி யாஸ்னா கூராவுக்குக் கொண்டுபோய் வைத்து, வெளியே எடுக்கக்கூடாது என்று காவல் போட்டது. படத்தைக் கைது செய்துவிட்டார்கள் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். சரி, ஊர்வலம் நின்றுபோனதா? இல்லை. படம் இல்லாத வெறும் சட்டகத்தையும் ஒரு மெழுகுதிரியையும் நற்செய்தி நூலையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மாதா வர வேண்டிய தெருவில் காலிச் சட்டகம் வந்தது, அதற்குத் தோரணம் கட்டினார்கள், அதன் முன்னால் முழந்தாளிட்டார்கள். 1972-இல் படத்தை ரகசியமாக வெளியே கொண்டுவரும் வரைக்கும் இப்படியே நடந்தது. அந்த ஆறு வருஷத்தைப் புரிந்துகொண்டால் போலந்து பிடிபட்டுவிடும்.

இதே வரிசையில் நோவா ஹூத்தாவையும் படியுங்கள். கிராக்கோவை ஒட்டி இரும்பாலைத் தொழிலாளர்களுக்காக அரசு கட்டிய புதுநகரம், கோயிலே இல்லாமல் திட்டம் போட்டது. கோயில் கட்டக் கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கி, நட்டிருந்த சிலுவையை 1960 ஏப்ரலில் பிடுங்க வந்தார்கள். முதலில் தடுத்து நின்றவர்கள் பெண்கள், அப்புறம் ஊரே திரண்டது. கிராக்கோவின் இளம் துணை ஆயர் கரோல் வொய்த்திவா அங்கே வெட்டவெளியில், பனியில், கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை வைத்தார். 1977-இல் அவரே அங்கே எழுந்த கோயிலை அபிஷேகம் செய்தார். அதன் வெளிச்சுவர் முழுக்க ஜனங்கள் கொண்டுவந்து சேர்த்த ஆற்றுக் கூழாங்கற்கள்.

அடுத்த வருஷம், 1978 அக்டோபர் 16, அவர்தான் போப் இரண்டாம் ஜான் பால் ஆனார். நமக்கும் அவர் அந்நியர் இல்லை, 1986-இல் சென்னைக்கு வந்தார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பூண்டி மாதா கோயில் 1999-இல் பசிலிக்கா ஆனதும் அவர் காலத்தில்தான். 1979 ஜூனில் வார்சா வெற்றிச் சதுக்கத்தில் அவர் பேசியதைத் தேடிக் கேளுங்கள். உமது ஆவி இறங்கி மண்ணின் முகத்தைப் புதுப்பிக்கட்டும் என்ற ஜெபத்தைச் சொல்லி, கடைசியில் “இந்த மண்ணின் முகத்தை” என்று சேர்த்தார். அரசைப் பற்றி நேராக ஒரு வார்த்தை இல்லை, எல்லோருக்கும் புரிந்தது. மறுவருஷம் ஆகஸ்டில் கிதான்ஸ்க் கப்பல்தளத்தில் வேலைநிறுத்தம். வாசல் கேட்டில் போப் படமும் மாதா படமும் தொங்கின, தொழிலாளர்கள் தளத்துக்குள்ளேயே பூசை கண்டார்கள். தலைவர் லெக் வலேசா சட்டையில் மாதா படத்தைக் குத்திக்கொண்டு, போப் படம் போட்ட பெரிய பேனாவால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சாலிடாரிட்டி தொழிற்சங்கம் பிறந்தது. 1981 டிசம்பர் 13 ராணுவச் சட்டம். 1984 அக்டோபரில் தொழிலாளர்களின் சாமியார் யெர்சி போப்பியெவுஷ்கோவை ரகசியப் போலீஸ்காரர்கள் கடத்திக் கொன்று உடலை விஸ்துலா ஆற்றில் போட்டார்கள். 1989 ஜூன் தேர்தலில் அந்த ஆட்சி தோற்றது.

வீட்டுக்குள் போனால்

போலிஷ் நண்பர் டிசம்பர் 24 இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் தட்டாதீர்கள். விகிலியா என்கிற அந்த விருந்துக்கு நிகராக எந்தப் புத்தகமும் இல்லை. வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் உட்காருவார்கள், அதனால் மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். மேஜைத் துணிக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல் இருக்கும், குடிலை நினைத்து. உட்காருமுன் ஆளுக்கொரு ஒப்வாத்தெக் கொடுப்பார்கள்: குடில் காட்சி அச்சிட்ட, காகிதம் போல மெல்லிய வெள்ளை அப்பம். பூசையில் கொடுக்கிற நற்கருணை என்று நினைத்துத் தயங்க வேண்டாம், இது அப்படி நற்கருணையாக ஆக்கப்படாத வெறும் அப்பம், எந்த மதத்தவரும் வாங்கலாம். உங்களுடையதை எதிரில் இருப்பவரிடம் நீட்டுங்கள், அவர் ஒரு துணுக்கு ஒடித்துக்கொள்வார். அவருடையதில் நீங்கள் ஒரு துணுக்கு ஒடியுங்கள். ஒடிக்கும்போது அவருக்கு வரும் வருஷத்துக்கு என்ன வேண்டுமோ அதை மனசாரச் சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. வீட்டில் ஒவ்வொருவரிடமும் இப்படிச் செய்வார்கள். வருஷம் முழுக்கப் பேசாத அண்ணன் தம்பி அந்த அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேருக்கு நேர் நின்றாக வேண்டும்.

பன்னிரண்டு பதார்த்தம் என்பது மரபு, இறைச்சி கிடையாது. பீட்ரூட் சூப், காளான், முட்டைக்கோஸ், கொழுக்கட்டை மாதிரியான பியெரோகி, கசகசா வைத்த பலகாரம், கெண்டை மீன். கெண்டை வீட்டுக்கு வீடு பரவியது போருக்குப் பிந்தைய காலத்தில்தான். சைவக்காரர்கள் மீனை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாராளமாகச் சாப்பிடலாம்.

மேஜையில் ஒரு தட்டும் நாற்காலியும் யாரும் உட்காராமல் இருக்கும். அங்கே போய் உட்கார்ந்துவிடாதீர்கள். எதிர்பாராமல் கதவைத் தட்டுகிறவருக்கான இடம் என்பார்கள். எழுச்சிகளுக்குப் பின் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டு வராமல் போனவர்களை நினைத்து வைத்தது என்று சொல்கிற வீடுகளும் உண்டு, அந்த வருஷம் இறந்த பாட்டிக்கு என்று சொல்கிற வீடுகளும் உண்டு. யாருக்கு என்று மெதுவாகக் கேளுங்கள். அந்தக் குடும்பத்தின் வரலாறு அதிலிருந்து வரும்.

மற்ற நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நவம்பர் 1-ஆம் தேதி ஊரே கல்லறைத் தோட்டத்தில் விளக்கேற்றும், நம்ம ஊர்க் கல்லறைத் திருநாளுக்கு ஒருநாள் முன்னால், கடைகள் இருக்காது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை முட்டை, ரொட்டி, உப்பு, சாசேஜ் எல்லாம் கூடையில் வைத்து மந்திரிக்கக் கொண்டுபோவார்கள். மறு திங்கட்கிழமை தண்ணீர் ஊற்றுவார்கள், நல்ல உடுப்பில் வெளியே போகாதீர்கள்.

விட்டுவிடக் கூடாத பக்கம்

“போலந்துக்காரன் என்றால் கத்தோலிக்கன்” என்பது பழைய பேச்சு இல்லை. நாகப்பட்டினத்தைச் சுற்றி வேளாங்கண்ணி, நாகூர், சிக்கல் மூன்றும் இருக்கிற மாதிரி, போருக்கு முந்தைய லிவிவில் லத்தீன், கிரேக்கக் கத்தோலிக்க, ஆர்மீனியப் பேராலயங்கள் மூன்றும் இருந்தன, யூதர்களின் ஜெபக்கூடங்களும் இருந்தன. 1573-லேயே வார்சாவில் பிரபுக்கள் கூடி மதத்துக்காக ஒருவரை ஒருவர் கொல்ல மாட்டோம் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கத்தோலிக்கர் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான், யூதர்கள் பத்தில் ஒருவர். நாஜிக்கள் சுமார் 30 லட்சம் போலந்து யூதர்களைக் கொன்றார்கள். போருக்குப் பின் எல்லைகள் மாறின. அதன் பிறகுதான் இன்று நாம் பார்க்கிற ஒரே நிறப் போலந்து வந்தது.

ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் இன்னொரு கைதிக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்த சாமியார் மாக்சிமிலியன் கோல்பேயைப் படிக்கும்போதே, 1941-இல் யெத்வாப்னேயில் யூதர்களைக் கொன்ற கத்தோலிக்கப் பக்கத்துவீட்டார்களையும், போர் முடிந்தபின் 1946-இல் கியெல்த்சேயில் நடந்த யூதப் படுகொலையையும் படியுங்கள். ஒன்றைப் படித்து மற்றதை விட்டால் அது வரலாறு ஆகாது. வார்சாவில் போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்கிற போலின் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் முழுக்க ஒதுக்குங்கள்.

இன்றைய நிலவரமும் வேறு. 2011 கணக்கெடுப்பில் 87.6 சதவீதம் பேர் தங்களைக் கத்தோலிக்கர் என்றார்கள், 2021-இல் 71.3. 2020 அக்டோபரில் அரசமைப்புத் தீர்ப்பாயம் கருக்கலைப்புச் சட்டத்தை இன்னும் இறுக்கியபோது பெரும் கூட்டம் தெருவில் இறங்கியது, கோயில் வாசலிலும் போய் நின்றது. சாமியார்கள் சிறுவர்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றிய புகார்கள் வெளிவந்த பிறகு பலர் விலகினார்கள். அடக்குமுறைக் காலத்தில் அடைக்கலம் தந்த திருச்சபை, அதிகாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு சம்பாதித்த நம்பிக்கையில் நிறையச் செலவழித்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஆகவே உங்கள் வயதுப் போலந்துக்காரரிடம் “நீ கோயிலுக்குப் போவியா?” என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். பலருக்கு அது வீட்டுச் சண்டையைக் கிளறுகிற கேள்வி. 1981-இல் உங்கள் பாட்டி எங்கே இருந்தார் என்று கேளுங்கள், விகிலியாவுக்கு உங்கள் வீட்டில் என்ன பாட்டுப் பாடுவீர்கள் என்று கேளுங்கள். கோயிலை விட்டு விலகியவரும் அதற்கு ஆர்வமாகப் பதில் சொல்வார்.

யாஸ்னா கூராவுக்கு ஆகஸ்ட் 15-ஐ விட்டுவிட்டு ஒரு சாதாரண நாளில் போங்கள், கூட்டத்தில் படம் கண்ணுக்கே தெரியாது. வார்சாவிலிருந்தும் கிராக்கோவிலிருந்தும் ரயில் இருக்கிறது. செஸ்டகோவாவில் இறங்கினால் மாதா பெயரிலேயே ஒரு அகலமான நேர்ச்சாலை. அதில் மேற்கே நடந்தால் குன்றும் கோபுரமும் தெரியும். படத்தை மூடிய தகடு ஏறுவது காலை 6 மணிக்கு என்பதால் முந்தின நாள் சாயங்காலமே போய் ரூம் எடுத்துவிடுங்கள், மறுநாள் ஐந்தரைக்கெல்லாம் சிற்றாலயத்தின் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளலாம்.